ஏழரை சென்டிமீட்டர்

ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, காட்சிக்கு வைத்திருக்கும் பிரின்டரின் தாள் தட்டில் செருகிப் பார்க்கிறார். அட்டை உள்ளே நழுவி ஒரு பக்கமாகச் சாய்கிறது. இரண்டு விரலால் அதை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, அடுத்த பிரின்டருக்கு நகர்கிறார். கடையில் ஒன்பது பிரின்டர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆறாவதற்கு அவர் வரும்போது விற்பனையாளர் ஓடி வந்துவிட்டார்.

“சார், என்ன வேணும் உங்களுக்கு?”

“இது உள்ள போகுமா?”

“என்ன சைஸ் அது?”

“அஞ்சுக்கு ஏழரை. சென்டிமீட்டர்.”

“கடை தொறந்ததும் ஏழரையக் கூட்டாதீங்க சார். பெரிய தாள்ல அடிச்சு வெட்டிக்கலாமே?”

“வெட்டிக்கலாம்னா நான் ஏங்க இங்க வந்து நிக்கிறேன்?” என்றவர், மை வாங்க வந்து பின்னால் நின்ற என்னைப் பார்த்துத் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க சார், வெட்டின அட்டையும் ஓரம் உருட்டின அட்டையும் ஒண்ணா?” பத்து வருடம் பழகியவரிடம் கேட்பதுபோல இருந்தது. எனக்கு அட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. மையை மறந்துவிட்டு அவரோடு கிளம்பினேன்.

அவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். இருபத்தெட்டு வருட வேலை. எல்லோருக்கும் அவர் ‘லிப்ட்காரர்’தான். ஒல்லியான உடம்பு, நகக்கண்களில் எந்த சோப்புக்கும் அசையாத கிரீஸ் கறை, இடுப்பில் சாவிக்கொத்து தொங்க வேண்டிய இடத்தில் ஒரு அளவு நாடா. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் தலையைச் சாய்த்து லிப்டின் சத்தத்தைக் கேட்பார். “மூணாவது மாடிகிட்ட கொஞ்சம் தயங்குது” என்பார், யாரோ நெருங்கிய உறவினரின் மூட்டு வலியைச் சொல்வதுபோல.

இன்னொன்று, பேச்சு. மூச்சு விடக்கூட நிறுத்தமாட்டார். அதற்கும் காரணம் வைத்திருக்கிறார். “உள்ள மாட்டிக்கிட்டவங்களோட பேச்ச நிறுத்தவே கூடாது சார். கதவுக்கு வெளிய நின்னு எதையாவது பேசிக்கிட்டே இருக்கணும். சத்தம் நின்னா போச்சு, விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சுக்குவாங்க.” ஒரு முறை உள்ளே மாட்டியிருந்த வக்கீலுக்குத் தன் பள்ளிக்கூட மதிப்பெண்களை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒப்பித்தாராம். எட்டாம் வகுப்பு வருவதற்குள் கதவு திறந்ததில் வக்கீலுக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

கேட்காமலே எல்லாவற்றையும் சொல்பவர், அட்டை எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. “வீட்டு உபயோகம்” என்று முடித்துக்கொண்டார்.

ஆனால் பிரின்டரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இரண்டு மாதத்தில் பதினோரு கடைகள் ஏறி இறங்கியிருக்கிறார். அச்சகத்தில் கேட்டால் ஒரு அட்டைக்கு ஐந்நூறு பிரதியாவது அடிக்க வேண்டும் என்கிறார்களாம். அவருக்கு வேண்டியது ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. நடந்துகொண்டே இரண்டு உள்ளங்கைகளையும் உருளைகளாக்கிக் காட்டினார். “இந்த உருள இழுக்குது. அந்த உருள வெளிய தள்ளுது. இவன் விடறதுக்குள்ள அவன் புடிச்சாகணும். நடுவுல ஏழரைக்கு மேல இடைவெளி இருந்தா அட்ட அநாதையா நின்னுடும். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன லிப்ட் மாதிரி.” பிரின்டரோடு வரும் புத்தகத்தை அவர் நம்புவதில்லை. அதில் இருக்கும் குறைந்தபட்ச அளவு கம்பெனிக்காரனின் பயமாம். உருளையை அளந்தால்தான் உண்மை தெரியுமாம். புதுக் கடைகளிலோ மூடியைத் திறக்க விடுவதில்லை.

அதனால்தான் அன்று பழைய பிரின்டர் பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி, சுற்றிலும் பிரித்துப் போட்ட பிரின்டர்கள். அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பெருசா அடிக்கணும்னுதான் எல்லாரும் வருவாங்க. சின்னதா அடிக்கணும்னு வந்த மொத ஆள் நீங்கதான்ணே.”

“மூடியக் கழட்டிக் காட்டுவியாம்மா?”

“கழட்டினது தவிர இங்க வேற என்ன இருக்கு? அளந்துக்குங்க.”

நாடா வெளியே வந்தது. ஒன்பது, பதினொன்று, பத்தரை, மறுபடி ஒன்பது. முன்பக்கம் தாள் வைக்கும் பிரின்டர்களில் அட்டை ‘ப’ போல வளைந்து திரும்ப வேண்டும். அவை ஆகவே ஆகாது என்று ஒதுக்கிவிட்டார். மூலையில் தூசி படிந்து ஒன்று கிடந்தது. தாளைப் பின்பக்கம் நிற்க வைக்கிற பழைய ஜாதி. நாடாவை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

ஆறு புள்ளி எட்டு.

அவர் பேசாமல் நின்றதை அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

அதோடு முடிந்துவிடவில்லை. தாளை நேராகப் பிடிக்கும் தடுப்பு ஐந்து புள்ளி நாலுக்குக் கீழே நெருங்க மறுத்தது. லிப்ட்காரர் ஒரு உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேலை நாலு மில்லிமீட்டருக்கு வெட்டி அந்த இடைவெளியை அடைத்தார். அடுத்து கம்ப்யூட்டர் அடம் பிடித்தது. இவ்வளவு சின்ன அளவை அது ஏற்கவே இல்லை. “அதுகிட்ட உண்மையச் சொன்னா வேலைக்கு ஆகாது” என்று அந்தப் பெண்மணி, போட்டோ தாள் வைத்திருப்பதாகக் கணக்குக் காட்டி, எழுத்தை அட்டை நிற்கும் மூலைக்குத் தள்ளினார். தாள் அளவைச் சரிபார்க்கும் வசதியையும் அணைத்தார்.

“என்ன அடிக்கணும்? சொல்லுங்க.”

“‘பல் வலி’ன்னு அடிம்மா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இதுக்கா இம்புட்டுப் பாடு?”

லிப்ட்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். அக்கா முப்பது வருடம் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தியவர். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. மிஞ்சியது ‘அதான்’ என்ற ஒரே சொல். பசித்தாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். எழுதவும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிறவர் கொடுத்த படங்களை, ஆப்பிளையும் கட்டிலையும், அக்கா மேஜையிலிருந்து தள்ளிவிட்டார். போனைக் கொடுத்தால் விரல் எங்கோ பட்டு யாருக்கோ அழைப்பு போனது.

“மூணு நாள் சாப்பிடல. எம்மேல கோவம்னு நெனச்சு நான் பாட்டுக்குக் கத பேசிக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் என்ன புத்தி வந்துச்சோ, ஒவ்வொண்ணா எழுதிக் காட்டினேன். தல வலி, வயித்து வலி… ஒரு அட்டையப் பாத்ததும் கண்ணுல தண்ணி. ஆனா கன்னத்தத் தொட்டுக் காட்டல. மொதல்ல நகத்தால அந்த அட்டையச் சுரண்டுறாங்க. ‘பள் வலி’ன்னு எழுதியிருக்கேன் சார். மூணு நாள் வலியோட, அந்த ‘ள்’ள அடிச்சுட்டுத்தான் கன்னத்தத் தொட்டாங்க.”

அதன் பிறகு அவர் கையால் எழுதிய எந்த அட்டையையும் அக்கா தொடவில்லை. அச்சில் அடித்து வெட்டி ஒரு வளையத்தில் கோத்தால் ஓரங்கள் பிசகி இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டன. இடது கட்டை விரல் ஒன்றால் தள்ளும்போது, தண்ணீர் கேட்கப் போய் போர்வை வந்தது. ஓரம் உருட்டி, துளை போட்டு, ஒரே அளவில் ஆயிரம் வெற்று அட்டைகளை வாங்கி வைத்துவிட்டுத்தான் பிரின்டர் தேடப் புறப்பட்டிருக்கிறார்.

பெண்மணி தலைமேலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். முதல் அட்டையில் ‘பல்’ மட்டும் விழுந்தது. இரண்டாவது கோணலாக வந்தது. மூன்றாவது, முணுமுணுத்துக்கொண்டே போய், மறுபக்கம் முழுதாக எட்டிப் பார்த்தது. அவர் அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, “எழுத்து இன்னும் பெருசா இருந்தா அவங்களுக்கு நல்லது” என்று, யாரும் கேட்காமலே இன்னொன்று அடித்தார். ஈர விரல் பட்டால் கலையாத கருப்பு மையும் அவரே தேடிப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து லிப்ட்காரர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் அக்கா. இடது கையில் ஒரு வளையம், அதில் அறுபதுக்கு மேல் அட்டைகள். பக்கத்து மேஜையில் அந்தப் பழைய பிரின்டர். லிப்ட்காரர் கம்ப்யூட்டரில் ஒரு சொல்லை அடிப்பார். அக்கா திரையைப் பார்ப்பார். தப்பு என்றால் ஒரு விரல் உயரும். சரியானால்தான் அட்டை உள்ளே போகும். என்னிடம் ‘உட்காருங்கள்’ என்ற அட்டையை நீட்டினார். ‘ஜன்னலைத் திற’, ‘சலிப்பாக இருக்கிறது’, ‘பொய்’ எல்லாம் அதில் இருந்தன. ‘பொய்’ ஓரம் தேய்ந்திருந்தது.

“‘கருப்பா’ ‘கறுப்பா’ன்னு அர மணி நேரம் சண்ட சார். ரெண்டும் சரின்னு ஊரே சொல்லுது, அக்கா ஒத்துக்கல. வெரல எறக்கவே இல்ல. கடைசியில நான்தான் எறங்கினேன். அப்புறம் நேத்து பாருங்க, ஆஸ்பத்திரி லிப்ட்ல ஒரு டாக்டரு…”

அக்காவின் கட்டை விரல் வளையத்தில் ஓடியது. ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். ‘கொஞ்ச நேரம் பேசாதே.’

லிப்ட்காரர் அந்தச் சொல்லோடு நின்றார். பிறகு கால்சட்டைப் பையில் கைவிட்டு இன்னொரு வளையத்தை எடுத்தார். அது அவருடையது. நிதானமாகப் புரட்டி ஒரு அட்டையை அக்காவின் முன் நீட்டினார். ‘ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.’

அக்கா அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்து எழுத்தாகப் படித்தார். பிழை ஒன்றும் இல்லை போலும், தலையை அசைத்தார். அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் அட்டையை மறுபடியும் தூக்கிக் காட்டினார்.