எங்கள் பூத்தில் பூஜ்ஜியம்

கோதண்டம் அண்ணன் முடிச்சூர் சாலையில் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் மூழ்கிய மோட்டார்களை எல்லாம் அவர்தான் பிரித்து, காயவைத்து, புதுக் கம்பிச் சுருள் கட்டிக் கொடுத்தார். தெரு மூழ்கியதற்குக் காரணம் மழை மட்டும் இல்லை, கால்வாயை மறித்துப் போட்ட மனைகளும்தான் என்று அன்றிலிருந்து மனு எழுதுகிறார். பெரிய கட்சிக்காரர்கள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. அதனால் பாதிப் பேருக்குப் பெயரே தெரியாத ஒரு சின்னக் கட்சியில் சேர்ந்தார்.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். முதலில் ஒரு பெரிய கட்சியின் கூட்டத்துக்குத்தான் போனேன். நாற்காலி அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினேன். என் பெயரை யாரும் கேட்கவில்லை. கோதண்டம் அண்ணன் கடைக்குப் போனபோது அவர் கால்வாய் மனுவை நீட்டி, "படிச்சவன்தான நீ? இதுல இன்னா தப்பு கீது, சொல்லு" என்றார். நான்கு தப்பு சொன்னேன். நான்கையும் திருத்தினார். என் வயதுப் பையன்கள் ஏன் இந்த மாதிரிக் கட்சிகளுக்குப் போகிறார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். கொள்கையை எல்லாம் பிறகுதான் படித்தேன்.

மாநகராட்சித் தேர்தலில் அண்ணன் எங்கள் வார்டில் நின்றார். இரண்டு வாரம் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தேன். அந்தத் தேர்தலில்தான் என் முதல் ஓட்டு. இயந்திரத்தில் அவர் பெயர் ஏழாவதாக இருந்தது. எப்படியும் தோற்கப் போகிறார், ஒருமுறையாவது ஜெயிக்கிற பக்கம் இருந்து பார்ப்போமே என்று தோன்றியது. இரண்டாவதாக இருந்த பெரிய கட்சியின் பட்டனை அழுத்தினேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன்.

வாக்கு எண்ணும் இடத்தில் நான்தான் அவருடைய ஏஜென்ட். அண்ணனும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பூத் வாரியாகத்தான் எண்ணுவார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று உறைக்கவில்லை. அண்ணன் வீட்டு ஓட்டுகள் அடுத்த பூத்தில். எங்கள் தெரு பூத்தின் இயந்திரத்தைத் திறந்து அதிகாரி வரிசையாகப் படித்தார். ஏழாம் எண், பூஜ்ஜியம்.

எதிரில் இருந்த பெரிய கட்சி ஏஜென்ட் சம்பத் சிரித்தார். "இன்னா கோதண்டம், இது உன் ஏஜென்ட் தெருதான? அவனே உனக்குப் போடலியா?"

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "அவனுக்கு ஓட்டே இன்னும் வர்ல சம்பத்து. இனிமேதான் எழுதிக் குடுக்கணும்" என்றார்.

மை வைத்த விரலை மடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் அவர் கடைப் பக்கம் போகவில்லை. போன வாரம் ரேஷன் கடையில் அவர் மனைவி அங்காளம்மா அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி, ஆளையே காணோம்? உனக்கு ஓட்டு இல்லன்னு அண்ணன் லிஸ்ட்ல பேர் சேக்குற பாரம் வாங்கி வச்சிகினு கீறாரு. வந்து எட்த்துகினு போ."

வீட்டிலும் அவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிக்கா, வரேன்" என்றுதான் வந்தது.