நாலு ஃபுல் டிக்கெட்

எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. அதன் வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் ஓசூரில் வேறு வேறு கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். அம்மாவுக்கு விடிகாலை ஷிஃப்ட். நாங்கள் கண் விழிக்கும் முன்பே போய்விடுவாள், மதியம் திரும்புவாள். அப்பாவுக்கு மதிய ஷிஃப்ட். அம்மா வருவதற்குள் கிளம்பிவிடுவார், ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு வருவார். என்னையும் தம்பியையும் தனியாக விடக் கூடாதென்று இருவரும் கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது. காலையில் எங்களைப் பள்ளிக்கு அனுப்புவது அப்பா. மாலையில் எங்களுக்கு டீயும் பொரியும் கொடுப்பது அம்மா.

வாரத்தில் ஒரு நாள் லீவு இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே நாளில் ஓடினால் கரண்ட் தாங்காது என்று ஓசூரில் ஆளுக்கொரு கிழமையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு வெள்ளி, அம்மாவுக்கு ஞாயிறு. வெள்ளிக்கிழமை அப்பா ஓ.டி. பார்க்கப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு வாரத் துணியோடு குழாயடியில் நிற்பாள், அப்பா மண்ணெண்ணெய் கியூவில் நிற்பார். பொங்கல், தீபாவளி என்றால் சொந்த ஊரான கல்லாவிக்குப் போய்விடுவோம். அங்கே பெரியப்பா, சித்தப்பா கூட்டத்தில் அம்மா அடுப்படிக்குள் காணாமல் போவாள், அப்பா களத்து மேட்டில் காணாமல் போவார்.

ஆகவே சேதி எல்லாம் என் வழியாகத்தான் போயாக வேண்டும். “கேஸ் தீரப் போவுதுன்னு அப்பாகிட்ட சொல்லு” என்பாள் அம்மா. “பெரியப்பா வூட்டுக்கு என்ன சீர் வைக்கறதுன்னு உங்கம்மாவ கேளு” என்பார் அப்பா. நான் வெறும் தபால்காரி இல்லை. கோபத்தில் சொன்னதைக் கொஞ்சம் ஆற வைத்துத்தான் கொடுப்பேன். சிலதை, இது தேவையில்லாத பேச்சு என்று நானே முடிவு செய்து கொடுக்காமலே விட்டுவிடுவேன். ஐந்தாம் வகுப்பில் எனக்கு இருந்த அதிகாரம் அதற்குப் பிறகு எனக்கு எங்குமே கிடைக்கவில்லை.

பள்ளி லீவு விட்ட நாட்களில் அப்பாவை பஸ் ஏற்றிவிடப் போவோம். எல்லாவற்றிலும் நிதானமான மனிதர், கம்பெனி பஸ் வந்து நின்றால் மட்டும் முண்டியடித்து ஏறுவார். டிரைவர் உட்காரும் பக்கத்து ஜன்னல் சீட்டைப் பிடித்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டுவார். ஏன் அந்த சீட் என்று கேட்டால், “காத்து நல்லா வரும் பாப்பா” என்பார். உச்சி வெயிலில் என்ன காற்று வந்ததோ! அம்மாவோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்காவும் அம்மாவைப் பற்றி இதையேதான் சொல்லுவாள். திரும்பி வரும் பஸ்ஸில் டிரைவர் பக்கத்து ஜன்னல் அம்மாவுக்கு என்று பட்டா போட்டு வைத்திருக்கிறார்களாம், வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவாளாம். அந்த இரண்டு பஸ்ஸும் ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கும் வளைவில் தினமும் எதிரெதிரே கடந்து போகும். இரண்டு பேருக்கும் காற்றுப் பைத்தியம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் பெங்களூர் போகும் வழியில் புதிதாக ஒரு பார்க் திறந்திருந்தார்கள். என் வகுப்பில் ஒருத்தி அங்கே போய்வந்து ஒரு வாரம் எங்கள் உயிரை வாங்கினாள். மற்றதெல்லாம் போகட்டும், அவள் வீட்டில் நான்கு பேரும் ஜெயன்ட் வீலில் ஒரே கூண்டில் உட்கார்ந்து போனார்களாம். உச்சியில் போய் நின்றபோது அவள் அம்மா கத்தினாளாம், அப்பா சிரித்தாராம். அதைக் கேட்ட அன்றே தீர்மானித்துவிட்டேன். நாங்களும் நான்கு பேர்தான். எங்களுக்கும் ஒரு கூண்டு வேண்டும்.

எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. மே ஒன்றாம் தேதி எல்லாக் கம்பெனிக்கும் லீவு. அன்றைக்கு அப்பாவின் கம்பெனி ஆட்கள் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸிலேயே குடும்பத்தோடு அந்தப் பார்க்குக்குப் போவதாக ஏற்பாடாயிற்று. பேர் கொடுக்கும்போதே எந்த டிக்கெட் என்று சொல்ல வேண்டும். இரண்டு வகை இருந்தது. மஞ்சள் அட்டை வாங்கினால் கேட்டுக்குள் போகலாம், வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். சிவப்பு அட்டை ஃபுல் டிக்கெட். அதில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏறும்போது ஒரு கட்டத்தில் ஓட்டை போடுவார்கள்.

அம்மாவைக் கேட்கும்படி அப்பா காலையில் என்னிடம் சொல்லி அனுப்பினார். சாயங்காலம் நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா பொரியில் வெங்காயம் நறுக்கிப் போட்டபடி, யோசிக்கக்கூட இல்லாமல் சொன்னாள்.

“ஒங்க ரெண்டு பேருக்கும் ஃபுல் டிக்கெட் எடுக்கச் சொல்லு. எங்களுக்கு மஞ்சள் போதும். இந்த வயசுல எங்களுக்கு என்ன ராட்டினம்? நாங்க எங்கியாவது நெழல்ல ஒக்காந்துக்குவோம்.”

எனக்கு வயிறு எரிந்தது. எங்கேயாவது நிழலில் உட்காருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா? எங்கள் தெருவிலேயே புங்கமரம் இருக்கிறதே! இது கஞ்சத்தனம் அல்லாமல் வேறென்ன? கெஞ்சிப் பார்த்தேன். அம்மா தம்பிக்கு மூக்கைத் துடைத்துவிடப் போய்விட்டாள். இனி கேட்டுப் பயனில்லை என்று புரிந்தது. கையில் தபால் இருக்கும்போது நான் ஏன் கெஞ்ச வேண்டும்?

மறுநாள் காலையில் அப்பா சட்டை பட்டனைப் போட்டுவிடும்போது சொன்னேன். “அம்மாவுக்கு ரொம்ப ஆசையாம்ப்பா. நாலுமே ஃபுல் டிக்கெட்டா வாங்கச் சொன்னாங்க.”

அப்பாவின் கை பட்டனிலேயே நின்றுவிட்டது. “உங்கம்மாவா கேட்டா?” என்றார். ஆமாம் என்றேன். “வாயத் தொறந்து எதுவுமே கேக்க மாட்டாளே அவ” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பட்டனை மாற்றிப் போட்டுவிட்டார். அன்று நான் கோணல் சட்டையோடுதான் பள்ளிக்குப் போனேன்.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. சாயங்காலம் அம்மாவிடம் வந்தேன். “நீங்க மஞ்சள் போதும்னத அப்பாகிட்ட சொன்னேன். அதெல்லாம் முடியாது, உங்கம்மா நெழல்ல ஒக்காரக் கூடாது, அவளும் எல்லாத்துலயும் ஏறணும்னுட்டார்” என்றேன். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டு, “இவருக்கு வேற வேல இல்ல” என்றாள். அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கு மூடிவைத்த தட்டில் ஒரு முட்டை கூடுதலாக இருந்தது. எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஒன்றுதான்.

மே ஒன்றாம் தேதி பார்க் கேட்டைத் தாண்டியதும் நான் திட்டத்தைச் சொன்னேன். முதலில் டேஷிங் கார், அடுத்து ஊஞ்சலாக ஆடும் கொலம்பஸ் கப்பல், அடுத்து தண்ணீர்ச் சறுக்கு, கடைசியில் ஜெயன்ட் வீல். நான்கு பேரும் ஒன்றாக. அப்பா தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சைப் பார்த்ததும், “நீங்க ரெண்டு பேரும் ஏறிட்டு வாங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்” என்று உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டேஷிங் காரில் தம்பி எல்லாரையும் இடித்து முடித்த பிறகு திரும்பி வந்தோம். தூரத்திலிருந்தே பேச்சு காதில் விழுந்தது.

“நீதான ஃபுல் டிக்கெட் வேணும்னு சொல்லி அனுப்புன? வந்து ஏறாம இருந்தா எப்பிடி?”

“நானா? நீங்க ஒத்தக் கால்ல நிக்கறதா இல்ல இவ வந்து சொன்னா!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு ஆபத்து இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. தபால்காரி இல்லாமல் இவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வார்கள் என்று யார் நினைத்தார்கள்! நான் கொலம்பஸ் கப்பலை உற்றுப் பார்த்துக்கொண்டு அடி விழுவதற்குக் காத்திருந்தேன். விழவில்லை. முதலில் அம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் அப்பாவும் சிரிக்க ஆரம்பித்து, புரை ஏறி, அம்மா அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. என்னைக் கண்டிக்கவே மறந்துபோனார்கள். எனக்கு அது ஒருமாதிரி அவமானமாகக்கூட இருந்தது.

அடுத்த முறை கூப்பிட வந்தபோது அப்பா அம்மாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எப்ப புடுங்கன?” என்று கேட்டார். தை மாசம் என்றாள் அம்மா. “ஒரு கடவாய்ப்பல்லு போயிருக்குது, எனக்குத் தெரியல பாரு” என்று அப்பா மறுபடி மறுபடி சொன்னார். இதில் என்ன இருக்கிறது? எனக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். அம்மா சொல்ல வேண்டாம் என்றதால் நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்பா, ஏறலாம் வாங்க என்றேன். “இதோ பாப்பா” என்றார்கள். வரவில்லை.

சறுக்கில் நனைந்து வந்து பார்த்தேன், பேசிக்கொண்டிருந்தார்கள். புளிசாதம் சாப்பிடும்போது பேசினார்கள். சாப்பிட்டுவிட்டு நாங்கள் போய்த் திரும்பினால் அப்போதும் பேச்சு. அம்மாவுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எனக்குத் தெரியாது. முக்கியமாக எதுவும் இல்லை. அவள் மெஷின் பக்கத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியின் கல்யாணம், கல்லாவியில் அவள் சின்ன வயதில் வளர்த்த ஒரு கிடாரிக் கன்று. அப்பா கேஸைப் பற்றியோ ஃபீஸைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வழியாக அனுப்பியிருந்தால் பாதியை நான் தேவையில்லை என்று தள்ளியிருப்பேன்.

வெயில் சாய்ந்தது. என் சிவப்பு அட்டை சல்லடையாகிவிட்டது. அவர்கள் அட்டை இரண்டும் அம்மாவின் பையில் புத்தம்புதிதாக இருந்தன. ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெஞ்சில் இருவருக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தேன். “நாலு பேரும் ஒரே கூண்டுல போகணும். அதுக்குத்தான் நான் பொய் சொன்னேன். நீங்க வரலன்னா நான் வீட்டுக்கு வரமாட்டேன்” என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜெயன்ட் வீலில் நின்ற ஆள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். “டைம் ஆய்த்து, நாளெ பன்னி” என்றான் கன்னடத்தில். நாளைக்கு வரணுமாம்! எனக்கு உயிரே போய்விட்டது. அப்பாவுக்குக் கன்னடம் அரைகுறை. அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் போய், “ஒந்தே ரவுண்டு அண்ணா, மக்களு அளுத்தா இதாரே” என்று பிள்ளைகள் அழுவதைச் சொல்லி மளமளவென்று பேசினாள். அவன் சிரித்துக்கொண்டே சங்கிலியை எடுத்துவிட்டான். அப்பா அசந்துபோய் நின்றார். “இது எப்ப கத்துகிட்ட?” என்று கேட்டதற்கு, “கம்பெனில பாதிப் பேரு கன்னடந்தான” என்று சொல்லிவிட்டு அம்மா கூண்டில் ஏறினாள்.

நான்கு பேரும் ஒரே கூண்டில். நானும் தம்பியும் ஒரு பக்கம், அவர்கள் எதிர்ப்பக்கம். உச்சியில் போய் நின்றபோது, அதோ ஓசூர் என்று நான் கையை நீட்டினேன். அது ஓசூர்தானா என்பது வேறு விஷயம். தம்பி பார்த்தான். அவர்கள் இருவரும் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கத்தவில்லை. அப்பா சிரித்தார். எனக்குப் போதும், ஜெயித்துவிட்டேன்.

ஆனாலும் அவர்களுடைய அட்டைகளில் ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டை. பஸ்ஸுக்கு நடக்கும்போது அதை எண்ணி எனக்கு ஆறவே இல்லை. என்ன வீணடிப்பு! இதற்கு மஞ்சள் அட்டையே வாங்கியிருக்கலாமே என்று எனக்கே தோன்றியது.

பஸ்ஸில் எல்லாரும் ஏறியிருந்தார்கள். தினமும் அப்பா உட்காரும் டிரைவர் பக்கத்து ஜன்னல் சீட்டை அவர் கூட்டாளிகள் பழக்கத்தில் காலியாகவே விட்டு வைத்திருந்தார்கள். அப்பா அதைத் தாண்டிப் பின்னால் போய், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“அப்பா, உங்க ஜன்னல் சீட்டு காலியா இருக்குது!” என்று கத்தினேன்.

“நீயே ஒக்காந்துக்க பாப்பா” என்றார் அப்பா. “இன்னிக்கு எதிர்ல யாரும் வரப் போறதில்ல.”

கூட்டாளிகள் விசில் அடித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “சும்மா இருங்க, ஆளுங்க பாக்கறாங்க” என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் ரோட்டைப் பார்த்தேன். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வருகிறவரை எதிரே பஸ்ஸும் லாரியும் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டேதான் இருந்தன. பாவம், அப்பாவுக்குத் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.