இடது காலுக்கு வேலை வந்தது

எங்கள் காரில் ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில், இடது ஓரமாக, கம்பளம் தேய்ந்து நூல் தெரியும். அந்த இடத்தில் மிதிப்பதற்கு ஒன்றுமே கிடையாது. மெல்போர்னில் நாங்கள் வாங்கியது ஆட்டோமேட்டிக் கார். கியரை அதுவே மாற்றிக்கொள்ளும், கிளட்ச் இல்லை, இடது கால் சும்மா இருக்க வேண்டியதுதான். என் கணவர் கணபதிக்கு அது முடிந்ததே இல்லை. சிக்னலைக் கண்டதும் அந்தக் கால் தானாகப் போய் வெறுந்தரையை அமுக்கும். ஊரில், பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பத்து வருடம் ஊரார் வண்டிகளையெல்லாம் பழுதுபார்த்து ஓட்டிப் பார்த்த கால் அது. இங்கே அவருக்கு ஒரு கிடங்கில் திரையைப் பார்த்தபடி பெட்டிகளுக்கு இடம் ஒதுக்கும் உத்தியோகம். இல்லாத கிளட்சை மிதித்தே ஒரு காரின் தரையைத் தேய்த்தவர் இந்தக் கண்டத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

எனக்கு அந்தக் கார் வேறு மாதிரி. சேரன்மகாதேவியில் ரோட்டில் போய் நின்றால் ஏதோ ஒரு பஸ் வரும், வராவிட்டால் தெரிந்தவர் யாராவது வருவார்கள், எங்கே போகிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்வி எரிச்சலாக இருந்த காலமும் உண்டு. இங்கே நாங்கள் இருக்கும் புறநகரில் தெரு முழுக்க வீடுகள், மனித வாடையே இருக்காது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் இருபது கிலோமீட்டர் தள்ளி. காலை ஆறரைக்குப் பணி, அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. முதல் மூன்று வருடம் ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கக்கூட அவர் எப்போது வருவார் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கார் ஓட்டப் படித்து, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினேன். உரிம அட்டை வந்த அன்று யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் ஒரு கட்டு கீரை வாங்கிவந்தேன். அன்றைக்குச் சாப்பிட்ட கீரை மாதிரி அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை.

போன வருடம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக நான் மட்டும் ஒரு மாதம் ஊருக்குப் போனேன். நான் கிளம்பும்போதே காரின் கியர் பாக்ஸ் தகராறு செய்துகொண்டிருந்தது. அதை மாற்றுவதற்குப் பதில் வேறு காரே வாங்கிவிடலாம் என்று இங்குள்ள மெக்கானிக் கைவிரித்துவிட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போய்வா என்றார் இவர். ஊரிலிருந்து தினமும் வீடியோவில் பேசினோம். கையை மட்டும் காட்டவே மாட்டார். ஒருநாள் நகக்கண்ணில் கறுப்பாக இருந்ததைப் பார்த்துக் கேட்டேன். சைக்கிள் செயின் என்றார். நானும் கல்யாண வேலையில் விட்டுவிட்டேன்.

விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்தவர் கார்க் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். முன் இருக்கைகளுக்கு நடுவே புதிதாக ஒரு கியர் கம்பி நின்றது. தேய்ந்த கம்பளத்துக்கு மேலே ஒரு கிளட்ச் பெடல். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் இதே ரக காரின் கியர் பாக்ஸைத் தேடிப் பிடித்து, பக்கத்து வீட்டு கிரெகரியிடம் தூக்கு எந்திரம் இரவல் வாங்கி, வீட்டு ஷெட்டில் தன் கையாலேயே ஒரு மாதமாக மாற்றி வைத்திருக்கிறார். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். கிளட்ச் பெடலுக்குத் துளை போட்டது, ரிவர்ஸ் விளக்குக்குத் தனியாக வயர் இழுத்தது, பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து மாற்றத்துக்குச் சான்றிதழ் கொடுத்தது, இன்சூரன்ஸுக்கு எழுதிப் போட்டது. ஒன்றே ஒன்றுதான் சரியாக வரவில்லையாம். காரின் கம்ப்யூட்டருக்குப் பழைய கியர் பாக்ஸ் போனது தெரியாது. பழைய கியர் 'பார்க்' என்ற நிறுத்த நிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆவேன் என்று அடம்பிடித்திருக்கிறது. இரண்டு வயரைச் சேர்த்து, நீ நிற்கத்தான் செய்கிறாய் என்று அதை நம்பவைத்துவிட்டார். அதனால் ஸ்பீடோமீட்டருக்குக் கீழே, நிற்கும் வண்டிக்கு எரிய வேண்டிய 'பி' என்ற பச்சை எழுத்து, வண்டி பறக்கும்போதும் எரிந்துகொண்டே இருந்தது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அவர் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கைப்பையிலிருந்து என் உரிம அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இந்த வண்டிய இனி நான் தனியா ஓட்டக்கூடாதுங்க. எனக்குக் குடுத்திருக்கது கியர் இல்லாத காருக்கு மட்டும்தான்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கார்லயுமா கியர் இல்லாத லைசென்ஸ்னு ஒண்ணு குடுக்கான்?" என்றார்.

கொடுக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டித் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். ஊரில் கியர் இல்லாத உரிமம் ஸ்கூட்டருக்குத்தான்; கார் என்றால் கார், அதற்கு ஒரே உரிமம் என்றுதான் அவர் மனதில் பதிந்திருக்கிறது. காருக்கு வேண்டிய காகிதங்களையெல்லாம் ஒன்று விடாமல் வாங்கிய மனிதர், வீட்டிலிருப்பவளின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் கோபம் அவர்மேல் மட்டும் இல்லை என்பது படுத்த பிறகுதான் தெரிந்தது. பத்தொன்பது வயதில் ஸ்கூட்டர் ஓட்டுவதற்காக வண்ணார்பேட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அண்ணன்தான் கூட்டிப்போனான். அங்கிருந்த அண்ணாச்சி விண்ணப்பத்தை என்னிடம் காட்டவே இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கு கியர் எதுக்கு? கியர் இல்லாததே போடுதேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு டிக் அடித்தார். வீட்டில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் நின்றது. அதை ஓட்ட எனக்குக் கொள்ளை ஆசை. ஸ்டாம்பு ஒட்டும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மூன்று வாரம் அவர்தான் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டார். அதற்காகவே ஐந்து மணிக்கு எழுந்தார். மறுபடியும் நான் ஜன்னலைப் பார்க்கிறவளாகிவிட்டேன். இதற்கு நடுவில் கிரெகரி வந்தார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். இப்போதைய திருடர்களுக்கெல்லாம் கியர் வண்டி ஓட்டத் தெரியாது, இனி உன் காரை யாரும் எடுத்துப்போக முடியாது, நீ கொடுத்துவைத்தவள் என்றார். என்னாலும்தான் எடுத்துப்போக முடியாது என்றேன். அதை நகைச்சுவை என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கியிருந்தார். பழைய ஆட்டோமேட்டிக் ரகத்திலேயே வேறொரு கியர் பாக்ஸ் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டாராம். அது கிடைக்கும் முன்பே எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்கத் தொடங்கிவிட்டார். முகத்தில் வருத்தம் காட்டக்கூடாது என்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் ஆசையாய்ச் செய்ததைத் தன் கையாலேயே பிரிக்கிறவரின் அந்தப் பாட்டைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கழத்தாதீய," என்றேன். "நான் கியர் படிக்கேன்."

"எனக்காகச் சொல்லுதியா?"

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். வண்ணார்பேட்டையிலயும் நான் வாயத் தொறக்கல, இங்கன லைசென்ஸ் எடுக்கப்பவும் வாயத் தொறக்கல. ஸ்பானர கீழ வைங்க."

வைத்தார்.

கியர் உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் பழகலாம் என்பது இங்கே விதி. ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்குகள் பூட்டிக் கிடக்கும் பகுதிக்குப் போனோம். அவர் நல்ல வாத்தியார் என்று சொன்னால் அது பொய். எதையும் விளக்க வராது. "பைய விடு, பைய, பைய" என்பார், அவ்வளவுதான். நான் பைய விடுவதாக நினைத்து விட்டதும் வண்டி துள்ளி அணைந்துவிடும். எட்டு வருடம் வேலையில்லாமல் இருந்த என் இடது கால் முதல் வாரம் வீங்கியே போனது. இரண்டாம் மாதம் ஒருநாள் ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்தேன். திரும்பி இவரைப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து அவருடைய இடது காலும் தரையை அமுக்கிப் பைய விட்டுக்கொண்டிருந்தது. இப்போது பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் கம்பளம் தேயத் தொடங்கியிருக்கிறது.

தேர்வுக்கு வந்த அதிகாரி, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பச்சை எழுத்தைப் பார்த்து, பார்க்கில் இருக்கிறோம் என்கிறதே என்று திகைத்தார். அது பழைய நினைப்பிலேயே இருக்கிறது, அதற்குத் தெரியாது என்றேன். அவர் கம்ப்யூட்டர் பழுது என்று எழுதிக்கொண்டார். பொறியாளரின் சான்றிதழைக் காட்டிய பிறகு எழுதியதை அடித்துவிட்டார். முதல் முறையிலேயே தேறினேன்.

அந்த விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று கணபதி பலமுறை சொல்லிவிட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். ஊரில் அண்ணன் எனக்கென்று ஓர் அறையை இன்னும் காலி பண்ணாமல் வைத்திருக்கிறான். போன் செய்யும்போதெல்லாம் "எப்ப வாரிய?" என்பான். பக்கத்து ஊருக்கு ஏதோ சோலியாகப் போனவளைக் கேட்பது போலத்தான் கேட்பான். வந்து பதினோரு வருடமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. எனக்கே சில சமயம் அது நம்பும்படி இல்லை. விடியும் முன்னே தனியாகக் கிளம்பி நெடுஞ்சாலைக்கு வருகிறேன். கிளட்சை மிதித்து ஐந்தாவது கியரைப் போட்டு, காலைப் பைய எடுக்கிறேன். முள் நூறைத் தொடுகிறது. அதற்குக் கீழே அந்தப் பச்சை எழுத்து, நீ கிளம்பவே இல்லை என்று எரிந்துகொண்டிருக்கிறது.