இருபத்தெட்டு பவுண்டு காற்று

உருளையக்கா என்று பெயர் வைத்தவன் அவளைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டான் என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்கள். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு அவளுக்கு. பெயர் வந்தது வேலையால். அச்சு இயந்திரங்களுக்கு ரப்பர் உருளை செய்யும் பட்டறையில் படம் வரைபவளாகச் சேர்ந்தாள். பத்து வருடம் அடுத்தவர் யோசித்ததை வரைந்து கொடுத்துவிட்டு, பதினோராவது வருடம் தானே ஒன்றை யோசித்தாள். காற்றடைத்த உருளை.

விஷயம் ஒன்றும் பெரிய சிக்கலில்லை. அச்சிடும்போது காகிதத்தை மை தடவிய தகட்டின்மேல் ஓர் உருளை அழுத்த வேண்டும். கெட்டி ரப்பர் உருளைக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. தகட்டில் துளி மேடிருந்தால் அங்கே மை அப்பிவிடும், பள்ளமிருந்தால் எழுத்தே விழாது. மிஷின்மேன் அடியில் துண்டுக் காகிதம் ஒட்டி ஒட்டிச் சமன் செய்வதற்குள் அரைநாள் போய்விடும். இவள் ஓர் இரும்புத் தண்டின்மேல் ரப்பர் உறையை மாட்டி, இரண்டுக்கும் நடுவே காற்றை அடைத்தாள். மேடு வந்தால் பின்வாங்கும், பள்ளம் வந்தால் முன்னே போகும். உறை நடுவில் தொப்பை போட்டுவிடாமல் இருக்க, ரப்பருக்குள் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினாள். அந்த நூல் எந்தச் சாய்வில் ஓட வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் பதினான்கு உறைகள் பாழாயின. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

உருளை தயார். அதை ஏற்றிப் பார்க்க எந்த அச்சகம் மிஷினைக் கொடுக்கும்? ஒருவரும் கொடுக்கவில்லை, அவள் தம்பி வேலை பார்த்த அச்சகத்தைத் தவிர.

தம்பி அங்கே மிஷின்மேன். அவன் கண்ணைப் பற்றி அச்சகத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். ஒரே படத்தின் இரண்டு தாளைக் காட்டி, எதில் நீலம் ஒரு சொட்டு கூட என்று பந்தயம் கட்டுவார்கள். அவன் தோற்றதே இல்லை. அந்தத் தம்பிதான் மேலாளர் முன்னால் போய் நின்றான்.

"எங்க அக்கா செஞ்சது சார். ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பு."

சொன்ன வாக்கு அப்படியே பலித்தது.

அன்றைக்கு மிஷினில் ஏறியது பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசப்படப் புத்தகம். காலையில் தம்பி கைப்பம்பால் காற்றடித்தான். அக்கா தன் உருளை வரைபடத்தின் மூலையில் இருபத்தெட்டு பவுண்டு என்று எழுதியிருந்தாள். காற்றழுத்தம் காட்டும் கேஜை வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டு இருபத்தெட்டில் நிறுத்தினான். முதல் ஆயிரம் தாளும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தன. அக்கா தரையில் கால் பாவாமல் பட்டறைக்குத் திரும்பினாள்.

மூன்று மணிக்கு ஃபோன் வந்தது. அவளும் முதலாளியும் ஓடினார்கள். உள்ளே தாள்கள் தரையெங்கும் பரவிக் கிடந்தன. ஒவ்வொரு தாளிலும் நடுப்பகுதியில் நீலம் அப்பி, கடல் நாட்டுக்குள் ஏறியிருந்தது. தீவுகளைக் காணோம். ஓரத்தில் இருந்த தேசங்களோ பேர்கூடப் படிக்க முடியாமல் வெளுத்துப் போயிருந்தன. உருளை தொப்பை போட்டிருந்தது. மேலாளர் கேஜை வைத்துப் பார்த்தார். முப்பத்துநாலு.

"இருபத்தெட்டுதான் சார் அடிச்சேன்" என்றான் தம்பி. "அக்கா சொன்னது அதானே, அதுக்கு மேல ஒரு தம்முகூட அடிக்கல."

"அப்ப கேஜ் பொய் சொல்லுதா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் உருளையின்மேல் கையை வைத்தாள். சுட்டது. அந்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. மணிக்கணக்கில் நசுங்கி நசுங்கிச் சுற்றினால் ரப்பர் சூடாகும். உள்ளே அடைபட்ட காற்றும் சூடாகி முட்டும். இதற்கெல்லாம் மேல்படிப்பு வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய சைக்கிளின் டியூப் வெடித்த சத்தம் கேட்ட எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பட்டறையில் கரண்டு மிச்சம் பிடிக்க, பத்து பத்து நிமிடமாகத்தான் அவள் உருளையை ஓட்டிப் பார்த்திருந்தாள். அது சூடாகும் என்ற நினைப்பே ஒரு வருடமாக அவள் தலைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

இதைச் சொல்ல வாய் திறந்தாள். முதலாளி நின்றுகொண்டிருந்தார். பதினான்கு உறைகள் ஞாபகம் வந்தன. 'பொம்பளைக்கு எதுக்கு டிசைன் வேலை' என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் ஞாபகம் வந்தார்கள்.

"வரைபடத்துல இருபத்தெட்டுன்னுதான் எழுதியிருக்கேன்" என்றாள்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அதுதான் கேவலம்.

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. குழம்பிப்போய்ப் பார்த்தான். "காலையில வந்து எல்லார் முன்னாலயும் இன்னொரு தடவ கேஜ் வெச்சுப் பாக்கலாம் சார்" என்று மட்டும் கேட்டுக்கொண்டான். சரி என்றார் மேலாளர்.

மறுநாள் ஆறு மணிக்கே அவள் அச்சகத்து வாசலில் நின்றாள். தெரிந்த முகம் என்று காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். உருளை குளிர்ந்து கிடந்தது. கைப்பையிலிருந்து கேஜை எடுத்து வைத்தாள். முள் இருபத்தெட்டுக் கோட்டின்மேல் போய் நின்றது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

இனி அவள் செய்ய வேண்டியதெல்லாம் எட்டு மணிக்கு மற்றவர்கள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான். அதற்குப் பதிலாக, வால்வின் ஊசியைப் பெருவிரலால் அழுத்தினாள். உஸ்ஸென்று காற்று வெளியேறியது. முழுக்க இறங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

எட்டு மணிக்கு வந்தவர்கள், "காத்து இறங்கிடுச்சே" என்றார்கள். அவ்வளவுதான். யாரும் துருவவில்லை. தம்பியை மிஷினிலிருந்து எடுத்து, தாள் எண்ணிக் கட்டும் பகுதியில் போட்டார்கள்.

அடுத்த ஆறு மாதத்தில் அவள் உருளையின் முனையில் இன்னொரு சின்ன வால்வைச் சேர்த்தாள். ஒரு சின்ன இரும்புக் குண்டு, ஒரு ஸ்பிரிங், அவ்வளவே. உள்ளே அழுத்தம் முப்பதைத் தாண்டினால் தானே திறந்து, மிச்சக் காற்றைத் துப்பிவிட்டு மூடிக்கொள்ளும். உருளை சக்கைப்போடு போட்டது. கவனமில்லாத ஆட்கள் கூடுதலாக அடித்தாலும் கவலையில்லை என்று முதலாளி அதை விற்றார். விற்கப் போன இடமெல்லாம் ஒரு கதையும் சொன்னார். "ஒரு மிஷின்மேன் இருந்தான் சார், காத்த அடி அடின்னு அடிச்சு கடல நாட்டுக்குள்ள விட்டுட்டான்." கேட்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பக்கத்தில் அவள் கையில் வரைபடத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியாது. அச்சகத்தில் தம்பிக்குப் பெயரே 'கடல்' என்று ஆகிவிட்டது.

இதையெல்லாம்விட ஒன்று அவளைத் தின்றது. தம்பி அவளைச் சந்தேகப்படவில்லை. அக்கா கணக்கு தப்பாது, கேஜும் தப்பாது, அப்படியென்றால் காலையில் முள்ளைப் படித்த தன் கண்தான் தப்பு என்று முடிவு கட்டிக்கொண்டான். கண்ணாடிக் கடைக்குப் போனான். உங்களுக்குக் கண்ணாடியே தேவையில்லை என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். பிடிவாதமாக, இருப்பதிலேயே குறைந்த பவரில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டான்.

அவள் மாடியில் இரண்டு அறையில் தனியாக இருந்தாள். கீழே தம்பி குடும்பம். ஜன்னல் வழியாக அவன் குரல் கேட்கும். "இந்த மருந்து கோடு வரைக்கும் வந்திருக்கானு பாரு." "பஸ் நம்பர் ஏழா ஒண்ணா, நீ பாத்துச் சொல்லு." அவன் மனைவி அலுத்துக்கொள்வாள். "உங்களுக்கே நல்லா தெரியுதே, எதுக்கு எல்லாத்துக்கும் என்னையக் கேக்கறீங்க?" மேலே உருளையக்கா ஜன்னலைச் சாத்துவாள். சாத்தினாலும் கேட்கும்.

இப்படி ஏழு வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மாடி ஏறி வந்தான். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

"அச்சகத்துல புது மிஷின் வருதுக்கா. உன் உருளை நாலு இருக்காம் அதுல. மேனேஜர் கூப்பிட்டு என்னைய ஓட்டச் சொன்னார். இருந்த ஆளுங்க வேற இடத்துக்குப் போயிட்டாங்களாம்."

அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. "நல்லதாப் போச்சு. எப்பலேர்ந்து?"

"வேணாம்னுட்டேன்."

"ஏன்டா?"

"ஒரு உருளையிலயே கண்ணு ஏமாத்திடுச்சு. நாலுக்கு நான் எங்க போறது? நாளைக்குள்ள யோசிச்சு சொல்லுன்னார். யோசிக்க என்ன இருக்கு?"

அப்போதும் அவள் குறுக்கு வழிதான் தேடினாள். "அன்னிக்கு அந்தக் கேஜே தப்பா காட்டியிருக்கலாம்ல?"

"அதையும் பாத்துட்டேன்கா. அந்த வாரமே டயர் கடையில குடுத்து வேற கேஜோட ஒத்துப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதான். கேஜுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தான். மூக்கில் கண்ணாடி நழுவியது.

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டாள். உருளை சூடாகும் என்று தனக்குத் தோன்றாததையும், கை வைத்ததும் புரிந்ததையும், புரிந்தும் மென்று விழுங்கியதையும் சொன்னாள். விடியற்காலையில் போனதைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அன்னிக்குக் காலையில எவ்வளவு இருந்துச்சு?"

"இருபத்தெட்டு."

"முள்ளு கோட்டு மேலயே இருந்துச்சா, கொஞ்சம் தள்ளியா?"

"கோட்டு மேலயே."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழாத" என்றான். "நீ அழுதா நான் சமாதானம் சொல்லணும். இப்ப என்னால முடியாது." பிறகு, "ஏழு வருஷமா எம் புள்ளைக்கு மருந்து ஊத்த எனக்குப் பயம்" என்றான். கண்ணாடியைக் கழற்றி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். டீ அப்படியே இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏம்மா, அந்தக் கதைய வெச்சுத்தான் நாம வால்வையே விக்கிறோம். முடிஞ்சு போனத ஏன் கிளறுறீங்க? உங்க பேருதான் கெடும்." அவள் மறுபடியும் பேசாமல் திரும்பி வந்தாள். வரும் வழியெல்லாம் தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

புது மிஷின் ஓடத் தொடங்கிய நாளில் அதை ஓட்ட ஒத்துக்கொண்டு தம்பி வந்திருந்தான். மூக்கில் கண்ணாடி இல்லை. வேறு அச்சகங்களிலிருந்து பத்துப் பேர் பார்க்க வந்திருந்தார்கள். முதலாளி அவர்களைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு, "ஒரு மிஷின்மேன் இருந்தான் சார்" என்று ஆரம்பித்தார். தம்பி குனிந்து பம்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தத் தப்பு நான் செஞ்சது" என்றாள் உருளையக்கா.

முதலாளி திரும்பி முறைத்தார். அவள் நிறுத்தவில்லை. "அவர் இருபத்தெட்டுதான் அடிச்சார். உருளை சூடாகும்னு எனக்குத் தெரியல. மறுநாள் காலையில குளுந்ததும் சரியா இருபத்தெட்டு இருந்துச்சு. யாரும் பாக்கறதுக்கு முன்னால நானே காத்த எறக்கி விட்டுட்டேன்." காது மடல்கள் எரிந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. மேலாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி நிமிரவில்லை. நான்கு உருளைக்கும் காற்றடித்து முடித்தான். ஒவ்வொன்றிலும் கேஜை வைத்துத் தானே படித்தான். கடைசி உருளையில் கேஜை எடுக்காமல் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நீங்களும் ஒரு தடவ பாத்துடுங்க மேடம். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து அவளை அக்கா என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அவன் கூப்பிட்டதில்லை. அவள் குனிந்து பார்த்தாள். "இருபத்தெட்டு" என்றாள். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். அவன் சுவிட்சைப் போட்டான்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவள் போகவில்லை. மூன்று மணி நேரம் சுவரோரம் நின்றாள். உருளைகள் சூடேறி, ஒரு வால்வு திறந்து, உஸ்ஸென்று துளிக் காற்றைத் துப்பி மூடிக்கொண்டது. தம்பி தலையைத் திருப்பிக் கேட்டான்.

"அன்னிக்குக் காலையில இந்தச் சத்தம்தான் வந்துச்சா?"

"இதேதான்" என்றாள். "ஆனா ரொம்ப நேரம் வந்துச்சு."

அவன் தலையசைத்தான். ஓடிக்கொண்டிருந்த மிஷினிலிருந்து ஒரு தாளை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நீலத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.