பின்கதவு

தையல் ஆலையில் அவளுக்குக் 'கதவுக்காரி' என்று பேர் வைத்தது சூப்பர்வைசர்தான். நக்கலாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. துணி திருட்டுப் போகிறதாம். அதனால் வேலை நேரம் முழுக்கப் பின்கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார் அந்த மகராசன். "நாங்க என்ன ஆடா மாடா, பட்டியில அடைக்க?" என்று கதவுக்காரி மல்லுக்கு நின்றாள். சம்பளத்தை வெட்டினார்கள், வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் மசியவில்லை. மற்ற பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டு அவளோடு வாசலில் உட்கார்ந்த பிறகுதான் பூட்டைக் கழற்றி, அவளையும் வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் துணிக்கிடங்கில் தீப்பிடித்தது. புகை மண்டியதும், பழக்க தோஷம், எல்லாரும் முன்வாசலுக்கே ஓடினார்கள். கதவுக்காரியும்தான். அந்த நெரிசலில் சிக்கி, சட்டைக்குக் காஜா எடுக்கும் அவள் நாத்தனார் வெளியே வரவே இல்லை. பின்கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளியிருந்தால் திறந்திருக்கும். ஒருத்தியும் தள்ளவில்லை.

இப்போது தினமும் வேலை தொடங்குமுன் ஒவ்வொருத்தியும் அந்தக் கதவைத் தள்ளி வெளியே போய்விட்டுத்தான் மெஷினில் உட்கார வேண்டும். கதவுக்காரி பக்கத்திலேயே நிற்பாள். எல்லாரும் திரும்பிய பிறகும், இன்னும் ஒருத்தி வரவேண்டியதுபோல் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்பாள்.

புதிதாகச் சேர்ந்தவள் ஒருநாள் சலித்துக்கொண்டாள். "பூட்டு இல்லன்னுதான் தெரியுமேக்கா, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"அன்னைக்கும் எங்களுக்குத் தெரியும்டி," என்றாள் கதவுக்காரி. "காலுக்குத்தான் தெரியல."