சலூன் நாற்காலிப் பலகை

அந்தத் தெருவின் வாழ்வும் தாழ்வும் முடிவெட்டுகிறவருக்கு ஒரு பலகையில் தெரியும். சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்க, நாற்காலியின் இரண்டு கைகள்மேல் குறுக்காகப் போடுகிற பலகை. எதிரே மில் ஓடிய காலத்தில் அதைக் கழற்றி வைக்கவே நேரமிருக்காது. ஒன்று இறங்கினால் அடுத்தது ஏறும், அழும், மூக்கை அவர் சட்டையிலேயே துடைக்கும். மில்லை மூடினார்கள். இளவட்டங்கள் குடும்பத்தோடு மூட்டை கட்டினார்கள். பிள்ளைகள் போனதும் பால்கடை போனது, நோட்டுப் புத்தகக் கடை போனது. மிஞ்சியவர்களோ, ஐயோ பாவம், தலையில் வெட்ட ஒன்றுமில்லாதவர்கள்.

அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஓசியில் பேப்பர் படிக்கத் தினமும் வருவார்.

“நாட்டுல ஜனத்தொகை ஏறிக்கிட்டே போகுதாம்யா.”

“ஏறின ஜனமெல்லாம் எங்க போய் முடி வெட்டிக்குதாம்? அதையும் போட்டிருக்கானா பாருங்க.”

சிரித்தால் வயிறு நிறையுமா? கடையை மூடிவிட்டு, நகரத்திலிருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவானது. மருமகன் தங்கமானவர்தான். இருந்தாலும் சும்மா உட்கார்ந்து அந்த வீட்டுச் சோற்றைத் தின்பதை நினைத்தாலே இவருக்குக் கூச்சமாக இருந்தது. மனைவியோ பேத்தியைக் கொஞ்சத் துடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எப்படி வேண்டாமென்று சொல்வது? பாத்திரங்களை அடுக்கிய மரப்பெட்டிக்கு மூடியில் ஒரு பலகை குறைந்தது. இவர் நாற்காலிப் பலகையை எடுத்துவந்து ஆணி அடித்தார். இனி எந்தப் பிள்ளை வரப்போகிறது? அடித்த பிறகும் இவர் அதைத் தடவிக்கொண்டே நின்றதை அவள் பார்த்தாள்.

பாழாய்ப்போன விதியைப் பாருங்கள், அந்த வாரம்தான் மில் கட்டடத்துக்கு ஒயர் கம்பெனி வந்து சேர்ந்தது. லாரி லாரியாக மெத்தை, குடம், சைக்கிள், அதன் உச்சியில் பிள்ளைகள். பூட்டிக் கிடந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எங்கிருந்தோ ஒரு பால்காரர் முளைத்தார். இத்தனையும் பார்த்தும் இவர் மூட்டை கட்டுவதை நிறுத்தவில்லை. மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, மறுநாள் வண்டியும் சொல்லியாயிற்று.

கடைசியாகக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகலாமென்று கடையைத் திறந்தால், நான்கு பிள்ளைகளோடு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

“அண்ணே, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். நாலு பேருக்கும் வெட்டி விட்டுடுங்க.”

சின்னதை நாற்காலியில் உட்கார வைத்தார். கண்ணாடியில் உச்சிக்குடுமி மட்டும் தெரிந்தது. பழைய பேப்பரை அடுக்கி ஏற்றினால் அடுக்கோடு சறுக்கிற்று. தபால்காரர் பெரிய மனதோடு மடியில் வைத்துக்கொண்டார். கத்தரியைக் கண்ட பிள்ளை அவர் மீசையைப் பிடித்துத் தொங்கியது.

“ஐயோ, விடச் சொல்லுய்யா!”

அதற்குள் வாசலில் இன்னும் மூன்று தாய்மார்கள், இடுப்பிலும் கையிலும் பிள்ளைகள்.

“இங்க உக்கார வைக்கப் பலகைகூட இல்ல போலிருக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிடலாமா?” என்றாள் ஒருத்தி.

இவர் கத்தரியைக் கீழே வைத்தார். “இருங்கம்மா, இதோ வந்துட்டேன்!” என்று கடைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்கு ஓடினார்.

அங்கே மனைவி சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுத்தியலின் பின்பக்கத்தால் பெட்டியின் ஆணியை நெம்பிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே? நாளைக்கு வண்டி வருதே!”

“வந்தா திரும்பிப் போகட்டும். மூடியில்லாத பெட்டியை எவன் ஏத்துவான்? பிள்ளைங்க கத்துறது இங்க வரைக்கும் கேக்குது, இந்தாங்க புடிங்க.”

“பேத்தி?”

“லீவுக்கு வரட்டும். தாத்தா கடை இருந்தாத்தானே அவளுக்கும் பெருமை.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட அவள் விடவில்லை. பலகையைக் கையில் திணித்துத் தள்ளிக்கொண்டே கூட வந்தாள். நாற்காலிமேல் பலகை ஏறியது, பலகைமேல் பிள்ளை ஏறியது, தபால்காரர் மீசையைத் தடவிக்கொண்டு மூலைக்குப் போனார். வாசலில் முட்டி மோதிக்கொண்டிருந்த வாண்டுகளை மனைவி ஓர் அதட்டு அதட்டினாள்.

“எதுக்குடா இடிக்கிறீங்க? வரிசையா நில்லுங்க. மாமா எங்கயும் போகமாட்டாரு.”