தண்டபாணியின் தாடியும் எர்ணாவூர் எடைச்சீட்டும்

திருவொற்றியூர்க் குப்பத்தில் தண்டபாணியின் தாடியைப் பற்றித் தெரியாதவர் இல்லை. திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்ட மனுஷன், வீட்டில் எல்லாரும் கூட இருந்தால்தான் போடுவேன் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டார். அதுதான் வினையாகிப்போனது. எல்லாரும் என்றால் மூத்த மகள் உதயாவும் சேர்த்தி. அவளுக்கோ லீவு என்பதே கிடையாது; தாடி வளர்ந்துகொண்டே போனது.

உதயா எடைமேடைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். லாரி மேடையில் ஏறி நின்றதும் ஒரு சீட்டு அச்சாகி வருகிறதே, அதில் எடை எந்தக் கட்டத்தில் விழ வேண்டும், வண்டி நம்பர் எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கும். மணலி முதல் எண்ணூர் வரை அந்த ஃபைல்கள் எல்லாம் அவள் எழுதியவை. எது ஏன் அப்படி இருக்கிறது என்பது மட்டும் அவள் மண்டைக்குள் இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

எர்ணாவூர் மேடையின் பிரிண்டரில் தாளைப் பிடிக்கும் பட்டை உடைந்தபோது, மேடையைப் பார்த்துக்கொள்ளும் கமாலுதீன் பாய் அங்கே ஒரு ஐஸ் குச்சியைச் செருகிவிட்டார். தாள் வலப்பக்கம் நகர்ந்தது. உதயா மட்டும் சளைத்தவளா? ஒவ்வொரு வரிக்கும் முன்னால் காலி இடத்தைக் கூட்டி எழுத்தையும் வலப்பக்கம் தள்ளிவிட்டாள். சீட்டு கச்சிதமாக வந்தது.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் சும்மா நிற்க, வேன் பிடித்துக் குடும்பமே கிளம்பியது. திருவள்ளூர் தாண்டியதும் ஆபீஸிலிருந்து உதயாவுக்குப் போன் வந்தது. அவளோடு வேலை செய்யும் ஜெபினுக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். எர்ணாவூர் ஃபைல் கோணல்மாணலாக இருக்கிறதே என்று ஒழுங்குபடுத்தும் பட்டனை அழுத்திவிட்டான். காலி இடமெல்லாம் போய், வண்டி நம்பர் கட்டத்தில் எடை போய் உட்கார்ந்துவிட்டது. துறைமுக கேட்டில் அந்தச் சீட்டை வாங்க மறுத்தார்கள். லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. உதயா வேனை நிறுத்தச் சொன்னாள்.

"நீ இல்லாம எனக்கு இன்னா மொட்டை? வண்டியத் திருப்புப்பா," என்றார் தண்டபாணி.

ஆபீஸுக்குள் நுழைந்ததும் அவள் ஜெபினைப் பிடித்துக்கொண்டாள். "அந்த எடத்துல போயி கை வெப்பியா நீ?"

"வெக்கக்கூடாதுன்னு எங்க எழுதிகீது, அக்கா?"

அவள் எங்கேயும் எழுதவில்லைதான். 'ஸ்பேஸ் ப்ரிசர்வ்' என்று ஒரு குறிப்பைப் போட்டிருந்தால் அந்தப் பட்டன் காலி இடத்தைத் தொட்டிருக்காது. அதைக்கூட அவள் போடவில்லை. தாடியோடு வேனில் திரும்பிப்போன அப்பாவின் முகம் அன்று முழுக்க அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு ஃபைலையும் விடவில்லை. காலி இடம் வேண்டிய இடத்தில் அந்தக் குறிப்பைப் போட்டாள். தலைப்பில் காரணத்தையும் எழுதினாள். எர்ணாவூர் ஃபைலில் இப்படி இருந்தது: "இங்க கீற காலி எடம் சும்மா இல்ல. பாய் பிரிண்டர்ல ஐஸ் குச்சி வெச்சிகீறாரு, தாளு தள்ளிகினு கீது, அதுக்குத்தான் இது. குச்சிய எடுத்தா இதையும் எடுத்துடு."

"இங்கிலீஷ்ல எழுதக்கூடாதாமா?" என்றார் முதலாளி.

"படிக்கப்போறது ஜெபின், சார்," என்றாள்.

இந்தத் தடைக்காலத்தில் வேன் திருத்தணி வரை போயே விட்டது. தண்டபாணி குனிந்து உட்கார்ந்து, தலையில் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. கத்தி கிட்டே வரும்போது உதயாவின் போன் அடித்தது. தண்டபாணி சட்டென்று மொட்டை போடுகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஜெபின் பெயர்.

"அக்கா, பாய் புது பிரிண்டர் வாங்கிட்டாரு. குச்சி இல்ல."

"ஐயோ. சீட்டு?"

"மொதல்ல எல்லாம் தள்ளிப்போய்தான் விழுந்துச்சி. ஃபைலத் தொறந்தேன், நீ எழுதி வெச்சிகீறியே. எடத்த எடுத்துட்டேன், சரியா வருது."

"அப்ப நான் வரணுமா?"

"இன்னாத்துக்கு? பாய் ஒண்ணு கேக்கச் சொன்னாரு. நைனாவுக்கு மொட்டை ஆச்சா?"

உதயா போனை அணைத்துப் பையில் போட்டாள். தலை சொட்டச் சொட்ட அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கியும் போவல நைனா," என்றாள்.

தண்டபாணி பிடித்திருந்த கையை விட்டார்.